கம்ப்யூட்டர் போர்களும் கணக்கில் வராதவர்களும்

2007 ஜூலையில் அமெரிக்காவைச் சேர்ந்த பேட்டில்ஃபிரன்ட் என்ற சிறிய நிறுவனம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை வெளியிட்டது. பெயர் 'காம்பாட் மிஷன்: ஷாக் ஃபோர்ஸ்'. அடுத்த வருடம், அதாவது 2008ல், அமெரிக்கப் படைகள் சிரியாவுக்குள் நுழைந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் அதன் கதை. 2008 வந்தது, போனது. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் 2011ல் அதே சிரியாவில் வேறு ஒரு போர் மூண்டது.

அதே நிறுவனம் 2015 ஜனவரியில் 'காம்பாட் மிஷன்: பிளாக் ஸீ' என்ற இன்னொரு விளையாட்டை வெளியிட்டது. இதில் களம் உக்ரைன். காலம் 2017ன் கோடை. ஒரு பக்கம் ரஷ்யா, இன்னொரு பக்கம் உக்ரைனும் அமெரிக்காவும். 2017ம் வந்து போனது. ஆனால் 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்ய டாங்கிகள் நிஜமாகவே கீவ் நகரை நோக்கிக் கிளம்பின.

இரண்டு தடவை ஊரைச் சொன்னார்கள், இரண்டு ஊரிலும் போர் வந்துவிட்டது. பார்ப்பதற்கு ஜோசியம் போலத் தெரியும். ஆனால் இது ஜோசியம் இல்லை. பதற்றம் இருக்கும் இடம் எது என்று செய்தித்தாள் படிக்கிற யாரும் சொல்லிவிடலாம். சுவாரசியமான கேள்வி வேறு. இவ்வளவு நுணுக்கமாகப் போரைக் கணக்குப் போடும் ஒரு விளையாட்டு எதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது? எதை விட்டுவிடுகிறது? அதைப் புரிந்துகொள்ள இருநூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

சதுரங்கத்தில் இல்லாத இருட்டு

போரை விளையாட்டாக ஆடுவது மிகப் பழைய பழக்கம். சதுரங்கம் என்ற சொல்லுக்கே நான்கு அங்கங்கள் என்றுதான் பொருள். யானை, தேர், குதிரை, காலாள் என்று நால்வகைப் படை. இந்தியாவில் பிறந்து, பாரசீகம் வழியாக, அரபு நாடுகளைத் தாண்டி ஐரோப்பாவுக்குப் போன ஆட்டம் அது.

ஆனால் சதுரங்கத்தில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. எதிராளியின் பதினாறு காய்களும் கண் முன்னாலேயே நிற்கும். குதிரை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம். நகர்த்திய காய் போன இடத்தில் நிற்கும். வெட்டினால் கட்டாயம் வெட்டுப்படும். நிஜப் போரில் இந்த மூன்றும் கிடையாது. எதிரி எங்கே என்று தெரியாது, சொன்ன இடத்துக்குப் படை போய்ச் சேருமா தெரியாது, சுட்டால் படுமா என்பதும் தெரியாது.

1780ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்பவர் சதுரங்கத்தை இழுத்து நீட்டிப் பார்த்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் போட்டு, மலைக்கு ஒரு நிறம், சதுப்புக்கு ஒரு நிறம், தண்ணீருக்கு ஒரு நிறம் என்று வைத்தார். நிலம் என்ற ஒன்று ஆட்டத்துக்குள் வந்தது அப்போதுதான். இருந்தாலும் எதிரி கண் முன்னாலேயே இருந்தான்.

அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் பிரஷ்யாவைச் சேர்ந்த ஒரு அப்பாவும் மகனும். அப்பா ஃபான் ரைஸ்விட்ஸ் 1812ல் பிரஷ்ய மன்னருக்காக ஒரு மேஜையே செய்து கொடுத்தார். மலை, ஆறு, சாலை, ஊர் என்று வார்க்கப்பட்ட சதுரத் துண்டுகளை விருப்பம் போல அடுக்கிக்கொள்ளலாம். ராணுவ அதிகாரியாக இருந்த மகன் அதை 1824ல் முழுமையான விதிப் புத்தகமாக்கினார். பெயர் 'கிரீக்ஸ்ஷ்பீல்'. ஜெர்மன் மொழியில் போர் விளையாட்டு என்று அர்த்தம்.

மகன் செய்த முக்கியமான வேலை மூன்று. முதலாவது, அலங்கார மேஜையை விட்டுவிட்டு 1:8000 அளவில் வரைந்த வரைபடத்தில் ஆட வைத்தார். இரண்டாவது, ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் என்று காலத்தை நிர்ணயித்தார். இரண்டு நிமிடத்தில் காலாட்படை எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவுதான் நகர்த்தலாம். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. நடுவில் ஒரு நடுவரை உட்கார வைத்தார். இரண்டு பக்கமும் தங்கள் உத்தரவை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். அவர் பகடை உருட்டி, அட்டவணை பார்த்து, யார் விழுந்தார்கள் என்று முடிவு செய்வார். ஒரு பக்கத்தின் கண்ணுக்குத் தெரியக்கூடிய எதிரியை மட்டுமே வரைபடத்தில் வைப்பார். மலைக்குப் பின்னால் நிற்கும் படை நடுவருக்கு மட்டும்தான் தெரியும்.

பிரஷ்யத் தலைமைத் தளபதி மியூஃப்லிங் ஆரம்பத்தில் பெரிய ஆர்வமில்லாமல்தான் பார்க்க வந்தார் என்கிறார்கள். பார்த்து முடித்தபோது, இது விளையாட்டே அல்ல, போர்ப் பயிற்சி என்று சொல்லி எல்லாப் படைப்பிரிவுகளுக்கும் பரிந்துரைத்தார். 1871ல் பிரஷ்யா பிரான்ஸைத் தோற்கடித்த பிறகு மற்ற நாட்டு ராணுவங்களும் இந்த ஆட்டத்தைத் தேடி வாங்கின.

அட்டைப் பெட்டிக்குள் போர்

ராணுவ அதிகாரிகளின் மேஜையில் இருந்த ஆட்டம் பொதுமக்களின் கைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில். 1954ல் அமெரிக்காவின் பால்டிமோர் பக்கம் சார்லஸ் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் 'டாக்டிக்ஸ்' என்ற அட்டை விளையாட்டைத் தபால் மூலம் விற்க ஆரம்பித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1958ல் உருவான அவலான் ஹில் நிறுவனம். வரைபடத்தில் சதுரக் கட்டங்களுக்குப் பதிலாகத் தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள் வந்ததும் இவர்கள் மூலம்தான்.

ஆரம்பத்தில் வந்தவை பெரும்பாலும் பெரிய படைகளின் போர்கள். ஒரு அட்டைத் துண்டு என்றால் ஆயிரக்கணக்கான வீரர்கள். 1970ல் ஜிம் டன்னிகன் வடிவமைத்த 'பான்சர்பிளிட்ஸ்' அதைச் சில டாங்கிகள் அளவுக்குச் சுருக்கியது. 1977ல் ஜான் ஹில் உருவாக்கிய 'ஸ்குவாட் லீடர்' இன்னும் கீழே இறங்கியது. ஒரு அட்டைத் துண்டு என்றால் பத்துப் பேர் கொண்ட ஒரு குழு. ஒரு கட்டம் என்றால் 40 மீட்டர். ஒரு சுற்று இரண்டு நிமிடம். ரைஸ்விட்ஸின் அதே இரண்டு நிமிடம்! அத்துடன் ஒரு புது விஷயமும் சேர்ந்தது. வீரர்கள் பயப்படுவார்கள். குண்டு அதிகம் விழுந்தால் குழு கலைந்து ஓடும். அருகில் நல்ல தலைவர் இருந்தால் திரும்பச் சேரும்.

ஆனால் வீட்டில் நடுவர் கிடையாது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடும்போது மலைக்குப் பின்னால் இருப்பதை எப்படி மறைப்பது? அட்டையைக் கவிழ்த்து வைத்தார்கள், கேள்விக்குறி போட்ட அட்டைகளைப் போட்டார்கள். எதுவும் முழுத் தீர்வாக அமையவில்லை. விதிகள் மட்டும் ஏறிக்கொண்டே போயின. 1985ல் வந்த 'அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்' விதிகள் தடிமனான கோப்பு ஒன்றை நிரப்பின. படித்து முடிக்கவே ஒரு செமஸ்டர் தேவைப்படும்.

சலிக்காத நடுவர்

இந்தப் பிரச்னையைத் தீர்க்கப் பிறந்தது மாதிரி வந்தது கம்ப்யூட்டர். அது பகடை உருட்டும், அட்டவணை பார்க்கும், ரகசியம் காக்கும், சலித்துக்கொள்ளாது.

1994ல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையான மரீன் கோரில் இருந்து ஓய்வு பெற்ற மேஜர் ஹோல்ட்ரிட்ஜ் 'டாக்ஆப்ஸ்' என்ற விளையாட்டை மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காக எழுதினார். பார்க்க அழகாகவே இருக்காது. வரைபடமும் ராணுவச் சின்னங்களும்தான். ஆனால் நவீனத் தரைப்போரை அவர் உள்ளே இருந்து அறிந்தவர். வாங்கியவர்களில் நிஜ ராணுவங்களும் இருந்தன.

அதே காலத்தில் சார்லஸ் மொய்லன் என்ற புரோகிராமர் அவலான் ஹில் நிறுவனத்துக்காக ஸ்குவாட் லீடரைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் வேலையில் இருந்தார். ஏற்பாடு முறிந்தது. 1998ல் அவலான் ஹில்லே ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மொய்லன் தன் வேலையைக் கைவிடவில்லை. ஸ்டீவ் கிராமண்ட் என்பவருடன் சேர்ந்து தொடர்ந்தார். அப்படி 2000ல் வந்ததுதான் முதல் 'காம்பாட் மிஷன்'. இரண்டாம் உலகப்போரில் நார்மண்டியில் தரையிறங்கிய பிறகு நடந்த சண்டைகள்தான் களம்.

வணிகம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வெளியானபோது அந்த விளையாட்டு கடைகளில் கிடைக்கவில்லை. இன்டர்நெட்டில் பணம் கட்டினால் தபாலில் சி.டி. வரும், அவ்வளவுதான். கடைக்காரர் பங்கு, விநியோகஸ்தர் பங்கு, வெளியீட்டாளர் பங்கு எல்லாம் போக மிஞ்சும் காசில் இப்படி ஒரு சிறு கூட்டத்துக்கான விளையாட்டைச் செய்ய முடியாது. லட்சம் பேர் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லாததால்தான் தாங்கள் நினைத்த மாதிரி செய்ய முடிந்தது. 1954ல் ராபர்ட்ஸ் தபாலில் விற்ற அதே வழிதான், 46 வருடம் கழித்து.

அந்த அறுபது வினாடி

காம்பாட் மிஷன் எப்படி ஆடப்படுகிறது என்று பார்த்தால் ரைஸ்விட்ஸ் உள்ளே உட்கார்ந்திருப்பது தெரியும். இரண்டு பக்கமும் தங்கள் படைக்கு உத்தரவு கொடுக்க வேண்டும். இந்தக் குழு அந்தச் சுவர் வரை ஓடு, இந்த டாங்கி அந்த மூலையில் நின்று சாலையைப் பார். கொடுத்து முடித்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு ஒரு முழு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். எதிரி கொடுத்த உத்தரவும் அதே நிமிடத்தில்தான் நடக்கும். ஐந்தாவது வினாடியிலேயே திட்டம் தப்பு என்று தெரிந்துவிட்டாலும் மீதி 55 வினாடிக்கு எதுவும் செய்ய முடியாது.

2000ல் வந்த பதிப்பில் இரண்டு குறைகள் இருந்தன. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவைத் திரையில் மூன்று பொம்மைகளாக மட்டுமே காட்டியது. அதைவிடப் பெரிய குறை, நம் ஆட்களில் ஒருவன் எதிரியைப் பார்த்துவிட்டால் அந்த நொடியே எல்லோருக்கும் தெரிந்துவிடும். கிராமத்தின் ஒரு கோடியில் நிற்பவன் பார்த்ததை மறுகோடியில் நிற்கும் டாங்கி உடனே சுடும். நிஜத்தில் அவன் வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும், அதை இவன் கேட்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும்.

ஷாக் ஃபோர்ஸுக்காக எழுதிய புது எஞ்சின் இந்த இரண்டையும் மாற்றியது. ஒவ்வொரு வீரனும் தனித்தனியாகத் திரையில் இருப்பான். அவன் சுடும் ஒவ்வொரு குண்டின் பாதையும் கணக்கிடப்படும். ஒவ்வொரு குழுவுக்கும் அது பார்த்தது மட்டுமே தெரியும். மற்றவர்களுக்குத் தகவல் போய்ச் சேர நேரமாகும். காயம்பட்டவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் உட்கார்ந்து முதலுதவி செய்வான். அந்த நேரத்தில் அவன் துப்பாக்கி சும்மா இருக்கும். வெளியான புதிதில் பிழைகள் மலிந்திருந்ததால் நிறையத் திட்டு வாங்கியது. ஒவ்வொரு பிழையாகத் திருத்திய பிறகுதான் மரியாதை வந்தது.

நிஜ ராணுவம் இதையெல்லாம் ஆடுகிறதா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ராணுவங்கள் அப்படி நினைக்கவில்லை. 1997ல் அமெரிக்க மரீன் கோர் தலைவர் ஜெனரல் க்ருலாக், வீரர்கள் முடிவெடுக்கும் பழக்கத்துக்காகக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளையும் ஆடலாம் என்று உத்தரவே போட்டார். அதற்கு ஒரு வருடம் முன்பே 'டூம்' என்ற பிரபலமான விளையாட்டில் பூதங்களை எடுத்துவிட்டு எதிரி வீரர்களை வைத்து 'மரீன் டூம்' செய்திருந்தார்கள். 2000ல் வந்த 'ஸ்டீல் பீஸ்ட்ஸ்' டாங்கி விளையாட்டின் தொழில்முறைப் பதிப்பை ஸ்வீடன், டென்மார்க் போன்ற நாடுகள் பயிற்சிக்குப் பயன்படுத்தின. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆய்வு அமைப்பும் பிற்பாடு காம்பாட் மிஷனின் ஒரு தனிப் பதிப்பை எடுத்துக்கொண்டது.

காரணம் செலவு மட்டும் அல்ல. நிஜ டாங்கியை ஓட்டிப் பயிற்சி பெற டீசல், குண்டு, மைதானம் எல்லாம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு இளம் அதிகாரி தன் தப்பான முடிவால் ஒரு பிளட்டூன் அழிவதைப் பார்க்க வேண்டுமானால், அதை உயிர்ச்சேதம் இல்லாமல் காட்டக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

சிரியா: கதையும் நிஜமும்

இப்போது ஷாக் ஃபோர்ஸின் சிரியாவுக்கு வருவோம். மேற்கு நாடுகளின் நகரங்களில் கதிரியக்க வெடிகுண்டுத் தாக்குதல் நடக்கிறது, தடயம் சிரியாவைக் காட்டுகிறது, படைகள் எல்லை தாண்டுகின்றன. இது விளையாட்டின் பின்கதை. ஆடுபவர் பெரும்பாலும் ஸ்டிரைக்கர் என்ற எட்டுச் சக்கரக் கவச வண்டியில் வரும் அமெரிக்கக் காலாட்படையை நடத்துவார். எதிரே டி-72 டாங்கிகளும், ஆர்.பி.ஜி. ஏந்திய சிரிய வீரர்களும், சீருடை அணியாத போராளிகளும்.

இரண்டு பக்கமும் சமம் இல்லை என்பதால் வெற்றிக்கான கணக்கையும் தனித்தனியாக வைக்க முடியும். அமெரிக்கப் பக்கம் ஊரைப் பிடித்தாலும் பத்து இருபது பேரை இழந்தால் தோல்வியாகலாம். சிரியப் பக்கம் ஊரை இழந்தாலும் அத்தனை பேரை வீழ்த்தியிருந்தால் வெற்றியாகலாம். குறிப்பிட்ட ஒரு கட்டடம் சேதமடைந்தால் மதிப்பெண் குறையும்படியும் வைக்கலாம். இராக் போரில் அமெரிக்கா படித்த பாடம் இதற்குள் இருக்கிறது.

ஆனால் அந்த ஊரில் மக்கள் இருக்கிறார்களா? திரையில் ஒருவர்கூட இல்லை. கடை இருக்கும், மசூதி இருக்கும், மொட்டை மாடி இருக்கும், தெரு வெறிச்சோடிக் கிடக்கும். மக்கள் இருப்பது ஒரே ஒரு இடத்தில். களத்தை வடிவமைக்கும் பக்கத்தில் 'பொதுமக்கள் நெருக்கம்' என்று ஒரு தேர்வு உண்டு. குறைவு முதல் நெருக்கம் வரை வைத்துக்கொள்ளலாம். அது செய்யும் வேலை, சீருடை இல்லாத போராளி கூட்டத்தில் எவ்வளவு எளிதாக மறைந்துகொள்ளலாம் என்று முடிவு செய்வது. அதாவது மக்கள் என்பது ஒரு வகைப் புதர். ஒளிந்துகொள்ள உதவும், குண்டு படாது.

நிஜத்தில் நடந்தது வேறு. 2011 மார்ச்சில் டேரா நகரில் தொடங்கிய போராட்டம் உள்நாட்டுப் போராக மாறியது. கிளம்பியது வெளிநாட்டுப் படை அல்ல, அந்த ஊர் மக்களேதான். ஹோம்ஸ், அலெப்போ என்று விளையாட்டில் வரும் மாதிரியான தெருக்களில் வருடக்கணக்கில் சண்டை நடந்தது. 2016 டிசம்பரில் அல்-பாப் நகரை நெருங்கிய துருக்கியின் லெப்பர்ட் 2 டாங்கிகள் ஏவுகணைத் தாக்குதலில் அழிந்தன. விளையாட்டில் அந்த டாங்கி வரும், ஆனால் ஜெர்மனியின் கொடியோடு. அமெரிக்க ஸ்டிரைக்கர் வண்டிகளும் சிரியா போய்ச் சேர்ந்தன. 2017 மார்ச்சில் மன்பிஜ் பக்கம். சிரிய ராணுவத்தோடு சண்டை போட அல்ல. அமெரிக்காவுக்கு வேண்டிய இரண்டு தரப்புகள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளாமல் நடுவில் நிற்க. இப்படி ஒரு காட்சியை எந்த விளையாட்டு வடிவமைப்பாளரும் எழுதியிருந்தால் 'நம்பும்படியாக இல்லை' என்று தள்ளியிருப்பார்கள்.

2011 மார்ச் முதல் 2021 மார்ச் வரையான பத்து வருடத்தில் சிரியாவில் 3,06,887 பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022ல் மதிப்பிட்டது. போருக்கு முன் அந்நாட்டில் வாழ்ந்தவர்களில் பாதிக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2024 டிசம்பர் 8 அன்று அதிபர் அசாத் நாட்டை விட்டு ஓடினார். 'பொதுமக்கள் நெருக்கம்' என்ற அந்த ஒற்றைத் தேர்வுக்குள் விளையாட்டு ஒளித்து வைத்ததுதான் நிஜத்தில் போராகவே இருந்தது.

உக்ரைன்: சரியாகச் சொன்னதும் சொல்லாததும்

பிளாக் ஸீ உருவாகிக்கொண்டிருந்தபோதே 2014ல் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டது. கிழக்கு உக்ரைனில் சண்டை தொடங்கியது. அதனால் விளையாட்டு வெளிவந்தபோது அதன் கற்பனைக்கும் செய்திக்கும் இடைவெளி குறைந்திருந்தது.

சில விஷயங்களை அது நன்றாகவே பிடித்திருந்தது. ட்ரோன் மேலிருந்து பார்க்கும், சில நிமிடத்தில் பீரங்கிக் குண்டு வந்து விழும், கூட்டமாக நிற்கும் வண்டிகள் தப்பாது. 2014 ஜூலை 11 அன்று ஸெலனோபில்யா என்ற இடத்தில் உக்ரைன் படைமுகாம் ஒன்று ராக்கெட் தாக்குதலில் சில நிமிடங்களில் அழிந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2022ல் ஜாவலின் ஏவுகணை டாங்கிகளை என்ன செய்யும் என்று உலகம் பார்த்தது. பிளாக் ஸீ ஆடியவர்களுக்கு அது முன்பே தெரியும்.

பிடிக்காமல் விட்டவை இரண்டு. ஒன்று விலை. விளையாட்டிலும் ஒரு சந்தை உண்டு. படையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் புள்ளிக் கணக்கில் விலை. அரிதான ஆயுதத்துக்கு அதற்கென்று கூடுதல் புள்ளி. ஆனால் சில நூறு டாலருக்குத் தயாராகும் சிறு ட்ரோனில் குண்டைக் கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓட்டிப் போய், பல லட்சம் டாலர் டாங்கியின் மேல் மோதலாம் என்பது அந்தச் சந்தையில் இல்லை. நிஜத்தில் 2023க்குப் பிறகு களத்தை ஆண்டது அதுதான்.

இன்னொன்று காலம். விளையாட்டின் சண்டை ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். நிஜப் போர் வருடங்களாக இழுத்தது. அப்போது முக்கியம் பிளட்டூன் தலைவனின் சாமர்த்தியம் அல்ல, தொழிற்சாலையின் உற்பத்தி. ஒரு வருடத்தில் பத்து லட்சம் பீரங்கிக் குண்டு தருவோம் என்று 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் வாக்குக் கொடுத்தது. 2024 மார்ச்சில் ஏறக்குறைய பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டு மணி நேர ஆட்டத்தில் இந்தக் கடன் பாக்கி தெரியாது.

இதையெல்லாம்கூட அடுத்த பதிப்பில் சேர்த்துவிடலாம். சேர்க்க முடியாத ஒன்று புச்சாவில் இருக்கிறது. கீவ் அருகே உள்ள அந்தச் சிறிய நகரின் வொக்ஸால்னா தெருவில் 2022 பிப்ரவரி 27 அன்று ரஷ்யக் கவச வண்டிகளின் வரிசை ஒன்று மாட்டிக்கொண்டு அழிந்தது. குறுகிய தெரு, இரண்டு பக்கமும் வீடு, முன்னாலும் போக முடியாது பின்னாலும் போக முடியாது. காம்பாட் மிஷனில் அப்படியே ஒரு ஆட்டமாக அமைக்கலாம். ஆட்டம் முடிந்ததும் அறிக்கை வரும். நலமாக இருப்பவர்கள் இத்தனை, இறந்தவர்கள் இத்தனை, காயம் இத்தனை, காணாமல் போனவர்கள் இத்தனை, இழந்த டாங்கிகள் இத்தனை, இழந்த வண்டிகள் இத்தனை. உக்ரைனுக்கு முழு வெற்றி என்று திரை சொல்லும்.

ஆனால் ரஷ்யப் படை திரும்ப வந்தது. மார்ச் மாதத்தின் பெரும்பகுதி அந்த நகரம் அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் விலகிய பிறகு 400க்கும் மேற்பட்ட உடல்கள் கிடைத்தன. பெரும்பாலும் பொதுமக்கள். ஆட்டம் முடிந்து அறிக்கை வந்த பிறகு நடந்தவை இவை. அந்த அறிக்கையில் இவர்களை எழுத எந்தப் பத்தியும் இல்லை.

கணக்கின் எல்லை

இதை வைத்து விளையாட்டு பொய் என்று சொல்லிவிட முடியாது. கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஆலையின் இருப்புநிலைக் குறிப்பில் இயந்திரத்தின் தேய்மானம் வரும், ஆற்றில் கலந்த சாயம் வராது. அதற்காக அந்தக் குறிப்பைத் தவறு என்று தணிக்கையாளர் சொல்ல மாட்டார். அது காட்ட வேண்டியதை அது சரியாகக் காட்டுகிறது. ஆபத்து எப்போது வருகிறது என்றால், அந்த ஒரு தாளைப் பார்த்துவிட்டு ஆலையின் முழுக் கதையும் தெரிந்துவிட்டதாக நினைக்கும்போதுதான்.

ரைஸ்விட்ஸின் மேஜையிலும் ஊர்கள் இருந்தன. வார்த்த வீடுகள், சாலை, பாலம் எல்லாம் இருந்தன. ஊர்க்காரர்கள் இல்லை. பிரஷ்ய அதிகாரி தெரிந்துகொள்ள விரும்பியது அந்த ஊர் வழியாகப் படை போக எவ்வளவு நேரமாகும் என்பது. அதற்கு ஊர்க்காரர்கள் தேவைப்படவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு ஆட்டம் ஒழுங்காகப் பதில் சொன்னது. இருநூறு வருடம் கழித்தும் கேள்வி மாறவில்லை. இந்தத் தெருவை இந்தக் குழு எப்படிக் கடக்கும்? இந்தக் கேள்விக்கு இதுவரை வந்தவற்றில் மிக நேர்மையான பதில்களில் ஒன்று காம்பாட் மிஷன்.

எதிரியை மலைக்குப் பின்னால் மறைத்து வைத்ததுதான் ரைஸ்விட்ஸ் செய்த பெரிய காரியம். கண்ணுக்குத் தெரியாதது இல்லாமல் போய்விடவில்லை என்று அவர் தளபதிகளுக்குக் கற்றுக் கொடுத்தார். மலைக்குப் பின்னால் நிற்கும் படையை அதன் பிறகு எல்லா ராணுவமும் மறக்காமல் தேடியது. பூட்டிய கதவுக்குப் பின்னால் நிற்கும் குடும்பத்தை எந்த நடுவரும் இன்னும் வரைபடத்தில் வைக்கவில்லை. விளையாட்டில் வொக்ஸால்னா தெரு எப்போதும் காலியாகத்தான் இருக்கும். நிஜத் தெருவில் வண்டிகள் எரிந்தபோது, இரண்டு பக்கத்து வீடுகளிலும் ஆட்கள் இருந்தார்கள்.